மோட்டார் கொட்டகையில் ஒரு பாட்டில்

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பும் தனக்கோடி, வாசற்படியிலேயே நின்று ஊதிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். சாலையில் வண்டியை மறித்துப் போலீஸ்காரர் கேட்பதைப் போலவே அவன் மனைவி பூவிழியும் கேட்பாள்.

"ஊது."

ஊதுவான். வாடை அடித்தால் அன்றைய சண்டை ஆரம்பம். அடிக்காவிட்டால் அது வேறு விதமான சண்டை. கிராம்பு மணந்தால், எதை மறைக்கக் கிராம்பு மென்றான் என்று கேட்பாள். வாழைப்பழம் மணந்தால், சாப்பாட்டு வேளை இல்லாத நேரத்தில் எதற்கு வாழைப்பழம் என்பாள். ஒன்றுமே மணக்கவில்லையென்றால்தான் அவளுக்குப் பயமே வரும். காலையெல்லாம் வெயிலில் நின்ற ஒரு மனுஷனின் வாய் இவ்வளவு சுத்தமாக இருக்குமா?

அவளைக் குறை சொல்வதற்கில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஒளித்து வைத்த பாட்டில்களை எல்லாம் கண்டுபிடித்தவள் அவள். கக்கூஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒன்று கிடைத்தது. அரிசி டிரம்முக்கு அடியில் ஒன்று. முருகன் படத்துக்குப் பின்னால் ஒன்று கிடைத்த அன்று அவள் அழவில்லை, படத்தைத் துடைத்துத் திரும்ப மாட்டினாள். ஒரு வருஷம் மாலை போட்டு மலைக்குப் போனான். விரதம் இருந்த நாள் முழுக்க நல்லவனாக இருந்தான். திரும்பி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே, கழற்றிய கையோடு குடித்தான். அதிலிருந்து அவன் சத்தியம் செய்தால் பூவிழி காதில் வாங்குவதே இல்லை.

மரக்காணத்து உப்பளத்தில் தனக்கோடிக்கு உப்பு வாருகிற வேலை. விடியும் முன்பே பாத்திக்குள் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாலை வரை கிடக்கும் நேரம்தான் அவனுக்கு எதிரி. பக்கத்துப் பாத்தியில் வாருகிற சகாயராஜும் அவனும் ஒரே வயது. குடிக்கப் பழகியதும் ஒன்றாகத்தான். ஒரு குவார்ட்டர் வாங்கி ஆளுக்குப் பாதி அடிப்பதை அங்கே 'கட்டிங்' என்பார்கள். அவர்கள் கட்டிங் பாதியோடு நின்ற நாள் குறைவு.

பூவிழிக்குக் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை பெருக்கித் துடைக்கும் வேலை. காலையில் பஸ் பிடித்துப் போய் இருட்டுக்கு முன் திரும்புவாள். வார விடுமுறையில் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போவாள். ஒரே மகள் அஸ்வினி, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்வினி போன் செய்தாள். பூவிழி சமையலில் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி. பூவிழி சந்தோஷத்தில் என்னென்னவோ கேட்டாள். கடைசியில், "பிரசவத்துக்கு இங்கதான வருவ? இப்பவே சொல்லிடு, கெஸ்ட் ஹவுஸ்ல லீவு கேக்கணும்" என்றாள்.



"நான் வரலம்மா. இங்கியே இருந்துக்கறேன்."

"இன்னாடி பேசற? தலைப் பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வராம?"

"அங்க அப்பா இருக்காரே. எம் புள்ள பொறந்ததும் கேக்கற மொத சத்தம் அவரு குடிச்சிட்டுப் போடற சண்டையா இருக்க வேணாம்."

தனக்கோடி சுவரைப் பார்த்துக் கட்டிலில் படுத்திருந்தான். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்றுதான் பூவிழி நினைத்தாள். அன்றைக்கு அவன் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது, படுத்துவிட்டான். எழுந்து, "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

மறுநாளிலிருந்து குடிப்பதில்லை என்று முடிவு செய்தான். இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. சாமியிடம்கூடச் சொல்லவில்லை. ஐப்பசியில் பிரசவம். அதற்குள் மகள் தானாக வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அவன் நினைத்தது அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டதுதான் வினையாகிவிட்டது. முதல் வாரம் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதைச் சொல்லி மாத்திரை வாங்கி வந்தான். சட்டைப் பையில் மாத்திரையைப் பார்த்த பூவிழி, "இது என்னா புது போதையா?" என்று கேட்டாள். ஒரு நாள் அவள் வேலை முடிந்து வரும்போது அவன் வீட்டில் இருந்தான். சோறு வடித்து வைத்திருந்தான். அவள் முதலில் அவனை மோந்து பார்த்தாள், பிறகு சோற்றை.

"இன்னாய்யா பண்ண? எதையாச்சும் அடகு வெச்சிட்டியா?"

"இல்ல."

"வேற எவளாச்சுமா?"

"சோறு வடிச்சா இந்தக் கேள்வியா?"

"நீ வடிச்சா கேப்பேன்."

சகாயராஜுக்கும் சந்தேகம். இத்தனை வருஷம் தோளோடு தோள் நின்றவன் திடீரென்று மத்தியானமே வீட்டுக்குப் போகிறான் என்றால் என்ன அர்த்தம்? மேஸ்திரி பக்தவச்சலத்திடம் தன்னைப் பற்றி ஏதாவது போட்டுக் கொடுக்கிறானா? அடுத்த பருவத்துக்குத் தன் பாத்தியையும் சேர்த்துக் கேட்கிறானா? "டேய், எம் மேல எதனா கோவமா? ஒரே ஒரு கட்டிங் மச்சி, பேசி முடிச்சிக்கலாம்" என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தான். தனக்கோடி வயிற்று வலி என்றான். வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டே அதிக நாள் ஓட்ட முடியாது.

தெருக் குழாயில் பூவிழி சகாயராஜின் மனைவி லூர்துமேரியைப் பிடித்துக் கேட்டாள். "உண்மைய சொல்லு, உங்க வூட்டுக்காரர்கூட இவரு குடிக்கிறாரா இல்லியா?"

"இல்லியாம்க்கா. அதான் அவரும் ஒரே புலம்பல். உன் வூட்டுக்காரருக்கு என்னமோ ஆயிடுச்சின்றாரு."

பூவிழி குடத்தைத் தூக்கிக்கொண்டு யோசித்தபடியே வீட்டுக்கு வந்தாள்.

ஆனி மாதம். உப்பு நன்றாக விளைகிற சமயம். உப்பங்கழித் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கிற மோட்டாருக்கு ஓலை வேய்ந்த ஒரு சின்னக் கொட்டகை உண்டு. தனக்கோடி சட்டையையும் சாப்பாட்டுப் பையையும் அங்கேதான் மாட்டுவான். மழை வந்தால் உப்புக் குவியலை மூடுகிற பிளாஸ்டிக் தாளும் மடித்து அங்கேதான் கிடக்கும். ஒரு நாள் சட்டை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கும்போது தாளின் மடிப்புக்குள் ஏதோ மின்னியது. இழுத்துப் பார்த்தான்.

குவார்ட்டர் பாட்டில். சீல் உடைக்காதது.

முதல் வேலையாகச் சுற்றிலும் பார்த்தான். வெள்ளை வெளேரென்று பாத்திகள், தூரத்தில் உப்புச் சுமந்து போகிற பெண்கள், பக்கத்துப் பாத்தியில் குனிந்து வாரிக்கொண்டிருந்த சகாயராஜ். அவன் ஒரு தடவை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தான். தனக்கோடிக்கு அது போதுமானதாக இருந்தது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்து மூடினான்.

தூக்கி உப்பங்கழியில் எறிந்திருக்கலாம். எறிந்தால் வைத்தவனுக்குத் தெரிந்துவிடும், இன்னொன்றை வைப்பான் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். அது பாதி உண்மைதான். வேண்டாம் என்று நினைத்தாலும், அது அங்கே இருக்கிறது என்கிற நினைப்பில் ஒரு தைரியம் இருந்தது. தினமும் வந்ததும் தாளின் நுனியைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பான். இருக்கும். மூடிவிட்டு வேலைக்கு இறங்குவான்.

அன்றிலிருந்து சகாயராஜ் இருமினால்கூடத் தனக்கோடி திரும்பிப் பார்த்தான். அவன் கொட்டகைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனால் வாருகிற பலகையை நிறுத்தினான். தன்னை இவன் வேவு பார்க்கிறான் என்பது சகாயராஜுக்கும் தெரிந்துபோனது. அவனும் பதிலுக்கு வேவு பார்க்க ஆரம்பித்தான். இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டே உப்பு வாரினார்கள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் அது வெடித்தது.

"இன்னாடா எப்ப பாத்தாலும் மொறைக்கிற?" என்றான் சகாயராஜ்.

"நீ பண்ண வேலை அப்படி."

"நான் இன்னா பண்ணேன்?"

"கொட்டாயில யார்ரா வெச்சது? நான் விட்டுட்டது உனக்குப் பொறுக்கலியா?"

"எதை வெச்சேன்? எதைடா விட்ட?"

நடிக்கிறான் என்று தனக்கோடிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பாய்ந்து தள்ளினான். சகாயராஜ் மல்லாக்கப் பாத்தியில் விழுந்தான். எழுந்து இவன் இடுப்பைப் பிடித்தான். இரண்டு பேரும் புரண்டதில், குவித்து வைத்திருந்த வெள்ளை உப்பில் சேறு ஏறிவிட்டது. பெண்கள் கூச்சல் போட, மேஸ்திரி பக்தவச்சலம் ஓடி வந்தார்.

"ஏம்பா, ரெண்டு பேரும் இன்னா சின்னப் புள்ளைங்களா? போங்க, வூட்டுக்குப் போங்க. நான் சொல்லியனுப்புற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது."

சகாயராஜ் வாயில் ஒட்டிய உப்பைத் துப்பினான். "மாதா மேல சத்தியமாடா. நீ எதைச் சொல்றன்னே எனக்குத் தெரியல." தனக்கோடி நம்பவில்லை. அவனே எத்தனை சத்தியம் பொய்யாகச் செய்தவன்.

வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தான். ஊரில் கூழ் ஊற்றும் திருவிழா, தெருவுக்குத் தெரு மைக் செட். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சாப்பாட்டுப் பையை எடுத்து வருகிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தான். பையை எடுத்தான். தாளைத் தூக்கினான். பாட்டில் அப்படியே இருந்தது. மோட்டார் மேடையில் உட்கார்ந்து சீலைத் திருகினான். தண்ணீர்கூடக் கலக்கவில்லை.

அன்று மாலை பூவிழி வாசலில் நின்றாள். ஊது என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. அவள் கத்தவும் இல்லை. அது அவனுக்குப் பயமாக இருந்தது. கதவில் சாய்ந்து அவனையே பார்த்தவள், மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும். என்னிக்காச்சும் நீ அந்த சீலை உடைப்பன்னு தெரியும்."

உள்ளே போகக் காலைத் தூக்கியவன் அப்படியே நின்றான். போதையிலும் அந்தச் சொல் உறைத்தது. சகாயராஜோடு சண்டை போட்டபோதுகூட அவன் பாட்டில் என்று சொல்லவில்லை. வீட்டில் மூச்சே விட்டதில்லை.

"எந்த சீல்?"

பூவிழி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எந்த சீலுன்னு கேட்டேன்."

"நான்தான் வெச்சேன்" என்றாள்.

வார விடுமுறையில் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வருவாளே, அப்படி வந்த ஒரு நாளில் வைத்தது. வாங்கியதும் அவளே. குயிலாப்பாளையத்திலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஆண்களுக்கு நடுவில் நின்று வாங்கினாள். வாழ்நாளெல்லாம் எந்தக் கடையைச் சபித்தாளோ அந்தக் கடையின் கம்பிக்குள் கையை நீட்டினாள். அவன் உண்மையாகவே விட்டுவிட்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரியாமல் தூங்க முடியவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் போய்ப் பார்த்தாள். சீல் உடையவில்லை. பார்த்ததும் மனசு குளிரும். மறுநாள் வேலைக்குப் பஸ் ஏறி உட்கார்ந்ததும், அப்படியானால் வேறு எங்கே குடிக்கிறான் என்று தோன்றிவிடும்.

"போன வாரம்தான் நம்பினேன்" என்றாள் பூவிழி. "அஸ்வினிகிட்டகூட சொல்லிட்டேன். உங்கப்பா மாறிட்டாருடி, நீ வான்னு சொல்லிட்டேன்."

தனக்கோடிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நீதான்டி வெச்ச! நீதான் என்னைக் குடிக்க வெச்ச! அவனைப் போயி அடிச்சேன் நானு."

"ஆமா, வெச்சது நான்தான். வாயில ஊத்திக்கினது யாரு?"

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

காலையில் கண் விழித்தபோது தலை கனத்தது. அதைவிடக் கனமாக இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. இனி அவனை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. கட்டிய பெண்டாட்டியே சரக்கு வாங்கி வைத்த கதையை ஊரில் சொன்னால், நாலு பேர் அவன் பக்கம்தான் பேசுவார்கள். சாகிற வரைக்கும் குடிக்க இந்த ஒரு காரணம் போதும். அப்படி ஒரு நல்ல காரணம் இதற்கு முன் அவனுக்குக் கிடைத்ததே இல்லை. அது கையில் இருப்பதுதான் அவனுக்கு உள்ளுக்குள் உதறலாக இருந்தது.

எழுந்து முகம் கழுவி, சகாயராஜ் வீட்டுக்குப் போனான். சகாயராஜ் வாசலிலேயே மறித்தான்.

"இன்னா, மிச்சம் இருக்கிறதையும் அடிக்க வந்தியா?"

"நீ வெக்கலன்னு தெரிஞ்சிடுச்சி. மன்னிச்சிக்கடா."

"யார் வெச்சது?"

"அது வாணாம் விடு. நான் விட்டிருந்தேன். நேத்து குடிச்சிட்டேன்."

சகாயராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தான். இதில் என்ன சூது இருக்கிறது என்று தேடுகிற பார்வை. "நாம குடிச்ச காலத்துல ஒரு நாளாச்சும் நீ எம் மேல கை வெச்சிருக்கியா? குடியை விட்டப்புறம்தான்டா அடிச்ச." சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்தது. தனக்கோடி சிரிக்கவில்லை. "இனிமே என்னைக் கூப்பிடாதடா" என்றான். "கூப்பிட மாட்டேன்" என்றான் சகாயராஜ். அடுத்த வாரமே கூப்பிட்டான் என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தான். அவனாக மகளுக்குப் போன் செய்து வருஷக் கணக்காகிறது. அஸ்வினி எடுத்ததுமே, "இன்னாச்சி? அம்மாவுக்கு எதனா?" என்று பதறினாள்.

"அம்மா நல்லாத்தான் இருக்குது. நான் நேத்து குடிச்சிட்டேம்மா. அதைச் சொல்லத்தான் பண்ணேன்."

தனக்கோடி போனை மறு காதுக்கு மாற்றினான்.

"சித்திரையிலேருந்து குடிக்கல. நீ அம்மாகிட்ட பேசினதைக் கேட்டுக்கினுதான் இருந்தேன். நேத்து தவறிட்டேன்."

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொல்ற? உனக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடணும்னு."

"சரக்கு எங்க வாங்கின? யார் குடுத்தாங்க?"

தனக்கோடி நிமிர்ந்தான். அடுப்படி வாசலில் பூவிழி நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்பியவள், பையைத் தோளில் மாட்டியபடி அசையாமல் நின்றாள்.

"யார் குடுத்தா இன்னாம்மா" என்றான். "குடிச்சது நான்."

"பாக்கலாம்" என்று சொல்லி அஸ்வினி வைத்துவிட்டாள்.

பூவிழி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தோள் பையை இறக்கி வைத்துவிட்டு அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "இனிமே ஊதச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"கேளு. தினம் கேளு. ஆனா வெக்காத."

"வெக்க மாட்டேன்."

அவள் சொன்னதை அவன் முழுசாக நம்பினான் என்று சொல்ல முடியாது. மேஸ்திரி திரும்பக் கூப்பிட்ட பிறகு, ரொம்ப நாள் வரைக்கும் கொட்டகைக்குள் போனதும் தாளின் நுனியைத் தூக்கிப் பார்த்தான். வீட்டிலும் அரிசி டிரம்மை நகர்த்திப் பார்த்திருக்கிறான். இத்தனை நாள் அவள் தேடியதை இப்போது அவன் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காத நாள்களில் அவள் எப்படி நிம்மதியில்லாமல் இருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆவணியில் வளைகாப்பு. முடிந்ததும் அஸ்வினி அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்தாளே தவிர, புருஷனிடம், "போனை ஆன்லியே வெச்சிரு, கூப்பிட்டா உடனே வரணும்" என்று அப்பா காதில் விழும்படியே சொல்லிவிட்டு வந்தாள். துணிப் பெட்டியைத் திறந்து அலமாரியில் அடுக்கவில்லை. தனக்கோடி ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் ஜன்னலில் அவள் முகம் தெரியும். அம்மாவும் மகளும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். இவன் வந்தால் நிறுத்திவிடுவார்கள். அவன் ஒன்றும் கேட்பதில்லை. கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று கை கால் கழுவப் போய்விடுவான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுக்கத் தண்ணீர், வேலை கிடையாது. வழக்கமாக அவன் அதிகம் குடிக்கிற மாதங்கள் அவை. அந்த வருஷம் பிளாஸ்டிக் குடையும் பிளாஸ்க்குமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தான். பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து, யாரிடம் கொடுக்கட்டும் என்று கேட்டாள். பூவிழி உள்ளே மகளோடு இருந்தாள். தனக்கோடி இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான். உப்பில் வெடித்த உள்ளங்கை குழந்தையின் தோலில் உறுத்துமோ என்று முழங்கை மடிப்பில் வாங்கிக்கொண்டான்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் தை மாதத்தில் அஸ்வினியை அழைத்துப் போக மருமகன் வந்தான். பஸ் ஏறும்போது அவள், "அப்பா, உடம்பைப் பாத்துக்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் போன பிறகும் தனக்கோடி அங்கேயே நின்றான். எதற்காக விட்டானோ அது நடந்து முடிந்துவிட்டது. இனிமேல் எதற்கு? மழைத் தண்ணீர் வடிந்து, உப்பளத்தில் தரை கெட்டிப்படப் பாத்தி மிதிக்கிற வேலை தொடங்கியிருந்தது. நாள் முழுக்கச் சேற்றை மிதித்தான். வேலை முடிந்ததும் சகாயராஜ், "வர்றியா மச்சி?" என்றான். தனக்கோடி உடனே தலையை ஆட்டி மறுக்கவில்லை. சாலை வரைக்கும் அவனோடு நடந்தான். பிறகு திரும்பி வீட்டுக்கு வந்தான்.

பூவிழி அடுப்பில் குழம்பு கொதிக்க விட்டிருந்தாள்.

"இன்னிக்குக் குடிக்கணும் போல இருக்குது" என்றான் தனக்கோடி.

அவள் சடாரென்று திரும்பினாள். பழைய சந்தேகம் அப்படியே முகத்தில் ஏறியது. "எதுக்கு இப்ப இதைச் சொல்ற?"

"தெரியல. சொல்லணும்னு தோணுச்சி."

பூவிழி அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியில் ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும் வரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் அவள் சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான்.